உரத்துச் சொல்லவேண்டிய விஷயம்

இராஜநாயகத்துக்குக் காது கேட்காமல் போனது ஒரே நாளில் நடந்த காரியமில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகொன்றில், இயந்திர அறைக்குள் இருபத்திமூன்று வருடம் நின்ற மனிதர் அவர். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காதைத் தின்றுவிட்டது. முதலில் காலையில் கேட்கிற குருவிச் சத்தம் போனது. பிறகு போன் மணி. கடைசியாக மனைவி மக்டலினின் குரலும் போய்விட்டது.

மக்டலினுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர் என்றாலும் அவள் சத்தம் போட்டதை யாரும் கேட்டதில்லை. அவள் குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகளும் குரலைத் தாழ்த்துவார்கள். ஆனால் லிங்கநகரில் தன்னுடைய வீட்டுக்குள் அவள் கத்தத்தான் வேண்டியிருந்தது. "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று அவள் குசினியிலிருந்து கேட்டால், மதிலுக்கு அந்தப் பக்கம் இரத்தினேஸ்வரி அக்கா சிரிப்பது கேட்கும், முன்விறாந்தையில் கதிரையில் இருக்கிற இராஜநாயகத்துக்குக் கேட்காது.

கத்திச் சொல்லக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. காஸ் முடிந்துவிட்டது என்று கத்தலாம். மகள் ஜெசிகா கம்பஸிலிருந்து போன் எடுத்தாள் என்று கத்தலாம். ஆனால் இன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை தன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னது, அது மனதுக்குள் என்ன செய்தது என்பதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் அந்த விஷயமே வேறொன்றாகிவிடும். அதனால் மக்டலின் அப்படியான கதைகளைச் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். கோபத்தில் இல்லை. தேநீருக்குச் சீனி குறைப்பது போல, தெரியாமலே குறைத்துவிட்டாள்.

அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் சம்பூர்ப் பக்கம் இருந்தது. விடியற்காலை பஸ் ஏறி, சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். கிண்ணியாவில் பஸ்மியா ஏறுவாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். மக்டலின் பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பாள். ஏழு வருடமாக இதுதான் நடைமுறை.

அந்த வருடம் தை மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புதிய பிரதி அதிபர் வந்தார். பெயர் நிருபன். மட்டக்களப்பு ஆள், மனைவி பிள்ளைகள் அங்கே. இவர் திருகோணமலை நகரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தன்னுடைய சின்னக் காரில் சம்பூருக்குப் போய் வந்தார். ஒருநாள் கொட்டுகிற மழையில் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்ற டீச்சர்மார் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார். அது வழக்கமாகிவிட்டது. மாத முடிவில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போனாள். மற்றவள் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். எஞ்சியது மக்டலின் மட்டும்தான். பின் இருக்கையில் தனியாக இருப்பது அவரை டிரைவராக்குவது போல இருக்கிறதே என்று முன் இருக்கைக்கு மாறினாள். பஸ்மியாவிடம், இடுப்பு நோகுது, காரில் போவது சுகம் என்று சொல்லியிருந்தாள். இடுப்பு நொந்தது உண்மைதான்.

நிருபன் கூடாத மனிதரில்லை. அதுதான் கஷ்டமே. கண்ணியமாகக் கதைப்பார், கை தவறியும் படாது. ஆனால் கதைப்பதைக் கேட்பார். தன் வகுப்பில் தேனுகா என்றொரு சின்னப் பிள்ளை, வாய் திறந்து ஒரு சொல் வாசிக்க மாட்டாள் என்று மக்டலின் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அடுத்த நாள் கார் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, "அந்தப் பிள்ளை நேற்று வாசிச்சவளா டீச்சர்?" என்று அவர் கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பாலத்துக்குக் கீழே தண்ணீர் மினுங்கியதும், தன் குரல் அந்தக் காருக்குள் மெதுவாகவே ஒலித்து, மெதுவாகவே போய்ச் சேர்ந்ததும் மக்டலினுக்கு நாள் முழுக்க நினைவில் நின்றன. நாற்பத்திநான்கு வயதில் தனக்கு இப்படியொரு சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பிறகு அவள் அலுமாரிக்கு முன்னால் கூடுதலாக நின்றாள். இரவு சாப்பாடு முடிந்ததும் போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாடத்திட்டம் பற்றித் தொடங்கிய வாட்ஸ்அப் கதை, சாப்பிட்டாச்சா என்பதில் போய் நின்றது. அதில் ஒரு பிழையான சொல்கூட இல்லை. என்றாலும் இராஜநாயகம் அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏன் கவிழ்த்து வைக்கிறேன் என்று தன்னைக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

தவக்காலம் தொடங்கி, நெற்றியில் சாம்பல் பூசி வந்த கிழமை அது. முதல் ஞாயிறு கோயிலில் இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட வாசகம் வாசித்தார்கள். கல்லை அப்பமாக்கச் சொல்லிப் பிசாசு கேட்கிற இடத்தில் மக்டலினுக்கு ஒரு யோசனை வந்தது. நாற்பது நாள் பசியோடு இருந்த மனிதருக்கு அப்பம் கெட்ட பொருளா? இல்லையே. பசிக்கு அப்பம் நல்லதுதானே. தனக்கும் பசி. அதற்கு மேலே யோசிக்கப் பயந்து செபப் புத்தகத்தைப் புரட்டினாள். பரலோக மந்திரம் சொல்லும்போது, சோதனை என்ற சொல் வருமிடத்தில் நாக்குத் தடக்கியது.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நிருபன் கேட்டார். இந்தச் சனிக்கிழமை தான் மட்டக்களப்புக்குப் போகவில்லை என்றார். உப்புவெளியில் கடற்கரையோடு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, மத்தியானம் வந்தால் ஆறுதலாக இருந்து கதைக்கலாம் என்றார். சொல்லும்போது வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுமடல் சிவந்திருந்ததை மக்டலின் கண்டாள்.

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு போனில் 'ஒரு மணி?' என்று வந்தது. 'சரி' என்று அனுப்பினாள்.

இனி வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் இராஜநாயகம் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை ஒரு செமினார் இருக்கிறது என்று சொன்னாள். அவர் காதைத் திருப்பி, என்ன என்றார். திரும்பச் சொன்னாள். கேட்கவில்லை. மூன்றாம் தரம் அவள் கத்தினாள்.

"சனிக்கிழமை செமினார்! கடற்கரைப் பக்கம், டீச்சர்மார்ர நிலையத்தில!"

அந்தப் பொய் விறாந்தையைத் தாண்டி, மதிலைத் தாண்டிப் போனது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இரத்தினேஸ்வரி அக்காவின் குரல் வந்தது. "சனிக்கிழமையும் வேலையோ டீச்சர்? பாவம்."

மெதுவாகச் சொல்லியிருந்தால் அந்தப் பொய் சின்னதாக, சுவரோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். கத்திச் சொன்னதால் அது எவ்வளவு பெரியது என்று அவளுக்கே கேட்டது. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.

சனிக்கிழமை காலை அவள் எழும்பியபோது இராஜநாயகம் அவளுடைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். தண்ணீர்ப் போத்தலும் நிரம்பியிருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றாள். பதினொரு மணிக்குத்தான் கப்பல் வருகிறது, போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

டீச்சர்மார் நிலையத்தின் படலையில் பெரிய பூட்டுத் தொங்கியது. உள்ளே ஒரு ஆளில்லை. இராஜநாயகம் இறங்கிப்போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்தார். திகதி பிழைத்ததோ என்று கேட்டார். ஆட்கள் பிந்தி வருவினம், நீங்கள் போங்கோ என்று மக்டலின் கையாலும் வாயாலும் சொன்னாள். அவர் போகவில்லை. வெயில் அவளுக்குப் படாதபடி மோட்டார் சைக்கிளை மரத்துக்குக் கீழே விட்டு, அதிலே அவளை இருக்கச் சொன்னார். வீதிக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு செவ்விளநீர் வெட்டுவித்துக்கொண்டு வந்து அவள் கையில் தந்தார். தான் வெயிலில் நின்றார்.

போன் பைக்குள் அதிர்ந்தது. பத்தரை மணி. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். கப்பல் வரும், அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு ஒரு முச்சக்கரவண்டி பிடித்தால் உப்புவெளி எவ்வளவு தூரம்? மக்டலின் இளநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இராஜநாயகம் நேரத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "நீர் தனிய நிக்க வேண்டாம்," என்றார். "நான் மெசேஜ் போட்டு, இண்டைக்கு வேற ஆளைப் படகில ஏறச் சொல்லுறன்."

இருபத்திமூன்று வருடத்தில் அவர் ஒரு கப்பலையும் தவறவிட்டதில்லை. ஜெசிகா பிறந்த அன்றுகூட வேலையை முடித்துவிட்டு, எண்ணெய் மணக்கிற சட்டையோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இலக்கம் தேடினார். மக்டலின் அவருடைய கையைப் பிடித்தாள். செமினார் இல்லை என்றாள்.

"என்ன?"

வீதியில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் இளநீரை மதிலில் வைத்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த நான்கைந்து பேரைத் தவிர யாருமில்லை. காற்று சேலையைப் பிடுங்கியது. அலை இரைந்தது. கதைக்க அதைவிடப் பொல்லாத இடமில்லை. ஆனால் அவளுக்கு இனிப் பொறுக்க ஏலாது.

"செமினார் இல்லை! நான் பொய் சொன்னனான்!"

வலை பின்னிய ஒருவர் தலையை நிமிர்த்தினார். பிறகு மரியாதையாகக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிடக் கத்தினாள். கார், மெசேஜ், ஒரு மணி, உப்புவெளி. ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம். இடையில் அழுகை வந்து குரல் தாழ்ந்தால் அவர் காதைக் கிட்டக் கொண்டு வந்தார். மறுபடி முதலில் இருந்து. இப்படியொரு பாவசங்கீர்த்தனத்தை உலகத்தில் யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்தபோது இராஜநாயகம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"போக ஆசையோ?"

"ஓம்," என்றாள். "ஆசைதான்." இதைக் கத்தவில்லை. அவர் அவளுடைய வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போனார். மக்டலின் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று போனில் எழுதினாள். தான் வரவில்லை, இனிக் காரிலும் வரமாட்டேன், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், உங்களில் கோபமில்லை. நிருபன் போனில் அழைத்தார். அவள் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'மன்னிக்கவும் டீச்சர். நான் கேட்டிருக்கக்கூடாது.' அதை வாசித்து அவள் அழுதாள். நல்ல மனிதர் என்பதற்காகவும் அழுதாள், வெட்கத்திலும் அழுதாள். அதற்குள் கொஞ்சம் ஆசையும் கிடந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்து, இதையும் எடுத்துவிடுங்கள் அம்மா, எனக்குத் தனிய ஏலாது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பின்னேரம் இராஜநாயகம் வந்தார். கையில் ஒரு பாரை மீன். குசினி வாசலில் முக்காலியைப் போட்டு இருந்து, தானே மீனை வெட்டத் தொடங்கினார். கத்தி பலகையில் படுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. கோபம் என்று மக்டலினுக்கு விளங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

மீனைக் கழுவி வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"என்னோட ஏன் கதைக்கேல்ல?"

"கதைச்சா உங்களுக்குக் கேக்கிறேல்லையே," என்று உரத்துச் சொன்னாள்.

"கேக்கிறேல்ல எண்டு எனக்குத் தெரியும்." அவர் கையைத் துடைத்தார். "ஒருக்காத்தான் என்ன எண்டு கேப்பன். ரெண்டாந்தரம் கேக்கமாட்டன். கேட்ட மாதிரித் தலையாட்டிப்போட்டு இருந்திடுவன். திரும்பத் திரும்பக் கேட்டா நீர் களைச்சுப் போவீர் எண்டு நினைச்சனான்."

மக்டலின் அவரைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவர் தலையாட்டிய இடங்களெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. எத்தனை தலையாட்டலைப் பார்த்து, இவருக்கு என் கதையில் அக்கறையில்லை என்று நினைத்திருப்பாள்! அவள் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். மீன் மணக்கிற கையால் அவர் அவளுடைய தலையைத் தொட்டார். கோபம் போய்விடவில்லை என்றார். போகக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார். அவள் ஓம் என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து சமைத்தார்கள்.

அடுத்த வெள்ளி சிலுவைப்பாதை முடிந்ததும் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பங்குச் சாமியார் சின்ன வயது, வந்து ஒரு வருடம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பரிகாரமாகத் தினமும் வீட்டுக்காரரோடு கால் மணித்தியாலம் இருந்து கதைக்கச் சொன்னார். அவருக்குக் காது கேட்காது சாமி என்றாள் மக்டலின். சாமியார் ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப அரை மணித்தியாலம்," என்றார்.

அந்த அரை மணித்தியாலம் லேசாக இருக்கவில்லை. முதல் நாள் கதைக்க ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் நாள் அவர் தேனுகா என்ற பெயரை மேனகா என்று விளங்கி, மூன்று நாள் மேனகாவைப் பற்றி விசாரித்தார். குசினி மேசையில் எதிரும் புதிருமாக இருந்து, முகத்துக்கு நேரே மெதுவாகச் சொன்னால் வாயசைவில் பாதி விளங்கும் என்று கண்டுபிடித்தார்கள். இயந்திர அறையில் கையால் கதைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. மெல்லப் போ, நிற்பாட்டு, சூடாகிவிட்டது என்பவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு கையசைவு. அவற்றை மக்டலினுக்குக் காட்டிக்கொடுத்தார். அவள் கோபப்படுகிற நேரம் அவர் 'சூடாகிவிட்டது' என்று கையைக் காட்டினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இரண்டு வருடமாக எவ்வளவு சொல்லியும் அசையாத மனிதர், ஆஸ்பத்திரிக்குக் காது காட்டப் போகவும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் பஸ் பயணம் அப்படி இனிக்கவில்லை. முதல் திங்கட்கிழமை கிண்ணியாவில் ஏறிய பஸ்மியா, மக்டலினுடைய பக்கத்தில் கைப்பை வைத்திருப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இடுப்பு எப்படி என்றுகூட விசாரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எங்கேயாவது ஓரிடத்தில் அந்தச் சின்னக் கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும். ஒவ்வொரு நாளும் மக்டலினின் நெஞ்சு ஒருதரம் எழும்பி விழும். அது தானாக எழும்புகிறது. எழும்பாதே என்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்த நேரம் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்வாள். சில நாள் ஒன்று காணாது, மூன்று சொல்வாள்.

பங்குனி முடிவில் ஒருநாள் பின்னேரம் மூதூருக்கு வரும் வழியில் பஸ் பழுதாகி நின்றது. காலமில்லாத காலத்தில் மழை வேறு. மக்டலினும் பஸ்மியாவும் ஒரு மூடிய கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். கார் வந்து நின்றது. நிருபன் கண்ணாடியை இறக்கி, இரண்டு பேரும் ஏறுங்கள் என்றார். இரண்டு பேரும் என்பதை அழுத்திச் சொன்னார்.

பஸ்மியா கூட இருக்கிறாள். மழை பெய்கிறது. ஏறினால் யாரும் பிழை சொல்ல முடியாது. மக்டலினுடைய ஒரு கால் தாழ்வாரத்தை விட்டு இறங்கியும்விட்டது. இறங்கிய காலில் மழைநீர் பட்டதும் அவள் நின்றாள். இந்த வண்டியில் ஏற நாளைக்கும் ஒரு காரணம் கிடைக்கும், நாளன்றைக்கும் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நன்றி சேர். நாங்கள் அடுத்த பஸ்ஸில வாறம். பஸ்மியா, நீங்க வேணுமெண்டா போங்க."

பஸ்மியா காரைப் பார்த்தாள், மக்டலினைப் பார்த்தாள். "எனக்கும் பஸ்தான் பழக்கம்," என்று சொல்லித் தன் குடையை விரித்தாள். நிருபன் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அதற்குள் இருவரும் முழங்கால்வரை நனைந்து, சைக்கிளில் வந்தவரிடம் கச்சான் கடலை வாங்கித் தின்று, பஸ்மியாவின் மாமியாரைப் பற்றி வயிறு நோகச் சிரித்து முடித்திருந்தார்கள்.

இரண்டாம் தவணையின் நடுவில் நிருபனுக்கு மட்டக்களப்புக்கே இடமாற்றம் கிடைத்தது. பிரியாவிடையில் மற்ற டீச்சர்மாரோடு மக்டலினும் நின்றாள். பிள்ளைகள் மாலை போட்டார்கள். குடும்பத்தோடு சேர்ந்து இருக்கப் போவதில் சந்தோஷம் என்று அவர் பேசினார், உண்மையான சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது. போகும்போது எல்லோருக்கும் சொன்னது போலவே அவளுக்கும், போயிட்டு வாறன் டீச்சர் என்றார். போயிட்டு வாங்க சேர் என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் குசினி மேசையில் அவள் இராஜநாயகத்துக்கு எதிரே இருந்தாள். அவருடைய இடது காதில் புதிய கருவி. அது இடையிடையே விசிலடிக்கும். அவர் அதைத் தட்டிக்கொள்வார். அவர் புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேர் இண்டைக்கு மாற்றலாகிப் போயிட்டார்," என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்குக் கொஞ்சம் கவலையா இருந்தது," என்றாள்.

இராஜநாயகத்தின் கை நின்றது. கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கருவியைத் தட்டவுமில்லை, என்ன என்று கேட்கவுமில்லை.

"இருக்கும்தானே," என்றார்.

பிறகு மீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவளுடைய கோப்பையில் வைத்துவிட்டு, தன்னுடைய கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.